கிளை அஞ்சலக ஊழியர் சம்பளத்தை யார் முடிவு செய்வது?

ஊர்த்தபால்: நிரந்தரத் தபால்காரருக்கு மத்திய ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி அரசு சம்பளம் நிர்ணயிக்கிறது. என் அம்மாவைப் போல் கிராமக் கிளை அஞ்சலகத்தில் வேலை செய்யும் ஜி.டி.எஸ். (கிராமின் டாக் சேவக்) ஊழியருக்கு மட்டும் தனிக் கமிட்டி. எங்களையும் சேர்க்கச் சொன்னபோது ஏழாவது குழு கைவிரித்தது. எங்களுக்கான கமலேஷ் சந்திரா கமிட்டி சொன்னது 2018 ஜூலையில்தான் அமலானது, அதுவும் வேலைநிறுத்தத்துக்கு அப்புறம். 4 மணி நேர பி.பி.எம்.முக்கு (கிளை போஸ்ட்மாஸ்டர்) மாத அடிப்படை 12,000 ரூபாய், 5 மணி நேரம் என்றால் 14,500. எங்களையும் ஊதியக் குழுவில் சேர்க்க வேண்டும்.

கணக்கன்: நாலு மணி நேர வேலைக்கு முழுநாள் சம்பளம் எப்படி சார்? வேறு வருமானம் இருக்க வேண்டும் என்று சேரும்போதே நிபந்தனை உண்டு. தபாலும் குறைந்துவிட்டது, துறை பற்றாக்குறையில் ஓடுகிறது.

ஊர்த்தபால்: அந்த நாலு மணி நேரம் காகிதத்தில்தான் சார். என் அம்மா பி.பி.எம். எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். பஸ் தாமதமானால் தபால் பை பதினொன்றரைக்கு வரும். முத்திரை குத்திப் பிரிப்பதற்குள் பென்ஷன் வாங்கப் பாட்டிகள் வந்துவிடுவார்கள். சிக்னல் இல்லாமல் அம்மா மெஷினைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவார். காட்டு வேலைக்குப் போனவர்கள் ஆர்டி (மாதச் சேமிப்பு) கட்ட ராத்திரி ஏழு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். திருப்பி அனுப்ப முடியுமா? வேறு வேலைக்கு எப்போது போவது? அப்புறம் பற்றாக்குறை. 50 பைசாவுக்குப் போஸ்ட்கார்டு விற்கச் சொன்னது அரசு, அம்மா இல்லை.

மலைக்காடு: பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று கமிஷன் வைத்தால் என்ன?

ஊர்த்தபால்: வேண்டாம் தம்பி. இருபது வீடு உள்ள மலைக் கிராமத்தில் எத்தனை பரிவர்த்தனை வரும்? அங்கே ஆபீஸ் திறந்திருப்பதே சேவை. இந்த வேலை அரசின் சிவில் பதவிதான் என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது.

கணக்கன்: பதவி என்றது, சரி. வழக்கமான பணியில் சேராத பதவி என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தபால் எண்ணிக்கையை விட்டு, ஆபீஸ் திறந்திருக்கும் நேரத்தை அளந்து சம்பளம் போடச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

ஊர்த்தபால்: அளக்கட்டும் சார். ராத்திரி ஏழு மணி ஆர்டியையும் சேர்த்து அளக்கட்டும்.