தேய்ந்த தோற்றமுள்ள எழுத்துருவைத் தலைப்புக்குப் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி:
மலையேற்றக் குழு ஒன்றின் சுவரொட்டித் தலைப்புக்கு, பழைய மர அச்செழுத்தில் எடுத்ததுபோல் விளிம்பு சிதைந்து, உள்ளே கீறல் விழுந்த தடித்த எழுத்துரு ஒன்றை வைத்திருக்கிறேன். திரையில் கம்பீரமாகத் தெரியும் அந்தத் தலைப்பு, தாளில் சிறிய அளவில் அச்சிட்டால் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடுகிறது. மேலும், ஒரு சொல்லில் இருமுறை வரும் எழுத்தில் கீறலும் அதே இடத்திலேயே வருகிறது. இதையே குழுவின் சின்னத்துக்கும் பனியனுக்கும் பயன்படுத்தலாமா?

பதில் 1:
கீறல் திரும்ப வருவதுதான் இவ்வகை எழுத்துருக்களின் பெரிய பலவீனம். க்க, ட்ட, ப்ப என இரட்டித்து வரும் சொற்கள் மிகுந்த தமிழில் அது இன்னும் பளிச்செனத் தெரியும். 1990-இல் வெளியான பேவுல்ஃப் என்னும் எழுத்துருவில், ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் விளிம்புகள் தாமாகவே மாறும்படி எரிக் வான் பிளாக்லாந்தும் யுஸ்ட் வான் ரோசமும் செய்திருந்தார்கள். இன்று பரவலாகப் பயன்படும் ஓபன்டைப் என்னும் கோப்பு வடிவில் அமைந்த எழுத்துருக்கள் சிலவற்றில் ஒரே எழுத்துக்குப் பல மாற்று வடிவங்கள் இருக்கும். அந்த வசதியை மென்பொருளில் இயக்கினால் அவை மாறி மாறி வரும். ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டுமே கொண்ட எழுத்துருக்களில், சிறிய எழுத்துக்கான விசைகளில் இரண்டாவது வடிவத்தை வைத்திருப்பதும் உண்டு. உங்களுடையதில் இவை எதுவும் இல்லையென்றால், தலைப்பை வெக்டர் வடிவமாக (கோடுகளாகத் திருத்தக்கூடிய வரைவடிவமாக) மாற்றி, இரண்டாவது எழுத்தின் கீறல்களை மட்டும் கையால் திருத்துங்கள். தலைப்பு நான்கைந்து சொற்கள்தான் என்பதால் அது பெரிய வேலையன்று.

பதில் 2:
அச்சில் மங்குவதற்குக் காரணம் அளவு. எழுத்தைச் சிறிதாக்கும்போது கீறல்களும் சேர்ந்து சுருங்குகின்றன. தாளில் மை சற்றே பரவியதும் அந்த நுண்ணிய வெள்ளைப் பகுதிகள் அடைபட்டுவிடுகின்றன. பனியனுக்கான ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும், மையை வடித்து இறக்கும் வலைத்துணி அவ்வளவு நுணுக்கத்தைத் தாங்காது. ஆகவே, திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாமல், உண்மையான அளவிலேயே ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள். தமிழில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது புள்ளி: தெறித்த மைத்துளி ஒன்று எழுத்தின் தலைமேல் விழுந்தால் 'க' என்பது 'க்' எனப் படிக்கப்படும், தேய்மானத்தில் புள்ளியே மறைந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். அந்த இடத்தைச் சுத்தமாகவே விட்டுவிடுங்கள்.

சின்னத்துக்கு இதை மட்டுமே நம்புவதை நான் ஏற்கமாட்டேன். சின்னத்தை வினைல் என்னும் ஒட்டுத்தாளில் வெட்டி எடுக்க நேர்ந்தால், சிதைந்த விளிம்பின் கோட்டை வரையறுக்கும் புள்ளிகள் ஏராளமாக இருப்பதால் வெட்டும் இயந்திரம் திணறும். மிகச் சிறிய துண்டுகள் ஒட்டாமல் உரிந்துவரும். கீறலில்லாத வடிவம் ஒன்றையும் சேர்த்தே உருவாக்குங்கள்.

பதில் 3:
முன்னவர்கள் சொன்னவற்றுடன் ஒன்று: சாதாரணத் தடித்த எழுத்துருவில் தலைப்பை அமைத்து, உருளையால் தாளில் மை பூசிய உண்மையான தடத்தையோ தேய்ந்த பரப்பையோ ஸ்கேன் செய்து, அதை முழுத் தலைப்பின் மேலும் மாஸ்க்காக (சில இடங்களை மறைத்துக் காட்டும் படலமாக) போட்டுப் பாருங்கள். கீறல் ஓர் எழுத்தில் தொடங்கி அடுத்ததற்குள் ஓடும்போதுதான் அது ஒரே பரப்பில் ஏற்பட்ட தேய்மானமாகத் தோன்றும். அளவுக்கு ஏற்பக் கீறலின் பருமனையும் தனியே மாற்றிக்கொள்ளலாம். நாள், இடம், தொடர்பு விவரம் ஆகியவற்றுக்குத் தெளிவான எளிய எழுத்துருவே போதும்.