பழைய ரெக்கோட் பிளேயர் திருத்தியபோது மனதில் தங்கிவிட்ட ஒரு சம்பவம்: எழுதுங்கள்

வெள்ளவத்தைக்காரன்

இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக இருக்கிறது. அத்தான் டொரண்டோவிலிருந்து வந்தபோது அப்பாவுக்காகப் பழைய பெல்ட் பிளேயர் ஒன்று கொண்டு வந்தார். அங்கே 120 வோல்ட், இங்கே 230. முதலாம் குறுக்குத் தெருவில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போர்மர் ஒன்று வாங்கிப் பூட்டினேன். தட்டு சுற்றியது. அப்பாவின் நாதஸ்வர எல்பியைப் போட்டோம்.

அரை நிமிடம் கேட்டுவிட்டு அப்பா, “ஏன் தம்பி, இழுபடுது?” என்றார். பெட்டியோடு வந்த, கோடு கோடாக அச்சடித்த வேக அட்டையைத் தட்டில் வைத்து டியூப் லைட்டுக்குக் கீழே சுற்ற விட்டேன். 33-க்கான கோடுகள் ஓடாமல் அப்படியே நின்றன. “பாருங்கோ அப்பா, கோடு நிக்குது. வேகம் சரி. உங்கட காதிலதான் ஏதோ” என்றேன். அவர் “சரி” என்று சொல்லிச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டார். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒவ்வொரு மாலையும் அந்த எல்பியைக் கேட்டார். வேகத்தைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை.

அவர் போய் ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. டிரான்ஸ்போர்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹேர்ட்ஸை, அதாவது கரண்ட் செக்கனுக்கு எத்தனை தரம் அலைகிறது என்பதை, மாற்றாது. கனடாவில் 60, இங்கே 50. அந்த மோட்டர் ஹேர்ட்ஸைப் பார்த்துத்தான் ஓடும். 33⅓ சுற்ற வேண்டிய தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 27.8 தடவைதான் சுற்றியிருக்கிறது. சுருதி ஏறத்தாழ ஒன்றரைக் கட்டை இறங்கியிருக்கும். அட்டையும் அந்த நாட்டு அட்டை, 216 கோடு. நம் கரண்டுக்கு 180 கோடு இருக்க வேண்டும். டியூப் லைட்டும் கரண்டின் அலைவோடு சேர்ந்துதான் மினுங்கும். மோட்டரும் லைட்டும் ஒரே கரண்டில் ஒரே அளவு பிந்தியதால் பிழையான வேகத்திலும் கோடு அசையாமல் நின்றிருக்கிறது.

பஞ்சிகாவத்தையில் ஒரு லேத் பாஸ் மோட்டர் கப்பியை 1.2 மடங்கு பெரிதாகப் பித்தளையில் கடைந்து தந்தார். இப்போது நாயனம் நாயனமாகவே கேட்கிறது. அந்த “சரி”தான் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

கொட்டாஞ்சேனை13

அம்மம்மாவின் 78 தட்டுகள், நிமிடத்துக்கு 78 தடவை சுற்றுகிற பழைய ரகம். அலுமாரிக்கு மேலே கிடந்து பூஞ்சணம் பிடித்திருந்தன. பார்மசியில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கன்னங்கரேலென்று வந்தது. எவ்வளவு ஊத்தை என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் அந்த இடத்தில் கோடுகளே இல்லை, மெழுகு தேய்த்த மாதிரி மழமழவென்று இருக்கிறது. நான் துடைத்தது ஊத்தையை இல்லை, பாட்டை.

78 தட்டு அரக்கில் செய்தது, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். எங்கள் ஒழுங்கையில் தளபாடத்துக்குப் பொலிஷ் அடிக்கிற பாஸ் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊற வைப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மின்னோடி (தெஹிவளை)

வெள்ளவத்தைக்காரன், கப்பியைக் கடைந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. துளை மயிரிழை விலகினாலும் நீண்ட சுரம் அலையும். அந்தக் காலத்துக் கம்பனிகள் பல 50-க்கு வேறு, 60-க்கு வேறு என்று இரண்டு கப்பி செய்தன. முதலில் அதைத் தேடியிருக்க வேண்டும். கொட்டாஞ்சேனை13, ஸ்பிரிட்டை ஒரேயடியாகப் பழி சொல்லவும் முடியாது. வினைல் எல்பிக்கு வடித்த தண்ணீர் கலந்து கொஞ்சமாகப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 78-க்குத்தான் கூடவே கூடாது.

என் கதை சின்னது. மாமாவின் கராட் எஸ்பி25, இங்கிலாந்தில் ஸ்விண்டனில் செய்தது. யாரோ தட்டின் அச்சில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது வருடக்கணக்கில் இறுகிப் பிசினாகி, தட்டைக் கழற்றவே இரண்டு நாள் போனது. கழற்றியதும் வந்த மணம் பழைய பலகாரச் சட்டி மணம்.

இந்த மாதிரிக் கராட் வைத்திருக்கிற எல்லோரும் கவனியுங்கள். அதில் பெல்ட் கிடையாது, மோட்டர் கப்பிக்கும் தட்டுக்கும் நடுவே இறப்பர் சக்கரம் ஒன்று இருக்கும். கேட்டு முடிந்ததும் பிளேயரின் சொந்த விசையாலேயே நிறுத்துங்கள், அப்போதுதான் சக்கரம் கப்பியை விட்டு விலகும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அன்று பாதிப் பாட்டில் நின்றது. நான் ஊசியை மட்டும் தூக்கி வைத்துச் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு வவுனியா போய், இரண்டு கிழமை கழித்துத்தான் வந்தேன். கப்பி அழுத்திய இடத்தில் இறப்பர் பள்ளமாகிவிட்டது. அன்றிலிருந்து ‘டுப் டுப்’.

சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் எண்ணெய் காட்டவே வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் மோட்டர் அச்சுக்கு ஒரு சொட்டு, போதும். பாட்டு முடிந்தும் ஊசியைத் தாங்கும் கை திரும்பி வராவிட்டால் ஸ்பிரிங்கை வளைக்காதீர்கள். கீழே இருக்கிற பழைய கிறீஸ் இறுகியிருக்கும், அதைத் துடைத்து எடுத்தாலே பெரும்பாலும் கை வரும். பழைய கிறிஸ்டல் காட்ரிஜில் (கையின் நுனியில் ஊசி பொருத்துகிற சிறு பகுதி) சத்தம் செத்திருந்தால் வயரைக் குடைய வேண்டாம். உள்ளே இருப்பது ரோஷெல் உப்புப் பளிங்கு, நம் கொழும்பு ஈரக்காற்றில் அது நீண்ட நாள் நிற்காது. அப்புறம், அடிப்பலகையைத் திறக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம், 230 வோல்ட்.

வெள்ளவத்தைக்காரன்

மின்னோடி அண்ணை, சொன்னதெல்லாம் பிரயோசனமானது, நன்றி. அந்த மொடலுக்கு 50 கப்பி ஏழு மாதம் தேடினேன், கிடைக்கவில்லை. லேத் பாஸ் மூன்று தரம் கடைந்து முதல் இரண்டையும் தானே வீசினார். சுரம் அலையவில்லை. ஆனால் நான் எழுத வந்தது கப்பியைப் பற்றி இல்லை.

பம்பலப்பிட்டி ரயிலடி

எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில். பின்னேரத்தில் ஊசி பாயும். மூன்று பேரிடம் காட்டினேன். ஒருவர் பாரத்தைக் கூட்டினார், ஒருவர் ஊசியை மாற்றினார், கடைசியாக வந்தவர் கையின் தலையில் ஒரு நாணயத்தை ஒட்டிவிட்டு, “இனிப் பாயாது” என்று காசு வாங்கிக்கொண்டு போனார். உண்மைதான், பாய்வது குறைந்தது. ஆனால் ஒன்றரை, இரண்டு கிராமில் ஓட வேண்டிய காந்த காட்ரிஜ் அது. நாணயத்தின் பாரத்தில் கோட்டை உழுதுகொண்டு போயிருக்கிறது.

ஒருநாள் என் மகள், அப்போது ஆறு வயது, தரையில் இருந்து படம் கீறிக்கொண்டே, “அப்பா, ரயில் வருது, பாட்டு பாயப்போகுது” என்றாள். நான் தூக்கி எடுக்க எழும்பு முன் பாய்ந்துவிட்டது. அவள் எத்தனையோ நாளாக அதைக் கவனித்திருக்கிறாள். நாங்கள் நாலு பெரியவர்களும் பிளேயரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மேசையை விட்டு எடுத்துச் சுவரில் கனத்த பலகை அடித்து அதில் வைத்தேன். நாணயம் இல்லாமலே ஓடுகிறது.

பொன்வேலை

ரயிலடி, அந்த நாணயம் எத்தனை நாள் இருந்தது? கேட்கக் காரணம் இருக்கிறது.

நான் செட்டியார் தெருவில் பட்டறையில் இருக்கிறேன். என் பிளேயரில் உரத்த இடங்களில் ‘ச’வும் ‘ஸ’வும் சீறும். ஊசி வைரம், வைரம் தேயாது என்று வீட்டில் எல்லோருக்கும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கல் பார்க்கிறவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? ஒரு மத்தியானம் சும்மா காட்ரிஜைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், கல் பார்க்கிற 10 மடங்குக் கண்ணாடியில் பார்த்தேன். சரியாகப் பிடிபடவில்லை. பக்கத்துக் கடையில் இருக்கிற மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோதுதான் தெரிந்தது. உருண்டையாக இருக்க வேண்டிய நுனியில் இரண்டு பக்கமும் தட்டையாக இரண்டு முகம், பட்டை தீட்டின மாதிரி. நடுவில் உளி போல ஒரு விளிம்பு. அதை வைத்துத்தான் தட்டுகளை ஓட்டியிருக்கிறேன்.

அன்றைக்கே புது ஊசி வாங்கிப் போட்டேன். பிறகு வாங்கிய எல்பிகள் சுத்தமாகப் பாடுகின்றன. பழையவற்றில், முக்கியமாக அம்மா திரும்பத் திரும்பக் கேட்ட நாலைந்தில், குரல் உயருகிற இடமெல்லாம் புது ஊசியிலும் அதே கரகரப்புத்தான்.