பி550 போர்டுல புது ஜென்4 எஸ்எஸ்டி: எம்2_1-லயா, எம்2_2-லயா?

கல்யாண_கேமரா:
வணக்கம். பி550 மதர்போர்டு, ரைசன் 5 5600 சிபியு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. விண்டோஸ் இருக்கறது 512 ஜிபி ஜென்3 (பிசிஐஇ 3.0) எஸ்எஸ்டில, அது மேல இருக்கற எம்2_1 ஸ்லாட்ல உக்காந்திருக்கு. மூணு சாட்டா ஹார்டு டிஸ்க் வேற. இப்ப 1 டிபி ஜென்4 (பிசிஐஇ 4.0) என்விஎம்இ எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கியாச்சு, பெட்டில வினாடிக்கு 7000 எம்பின்னு போட்டிருக்கு. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் வேலை, 4கே, டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேர்ல. நாளைக்கு ஒரு டெலிவரி வேற இருக்கு. வாங்கின கடைல கேட்டா "எதுல போட்டாலும் ஓடும் சார்"னுட்டாங்க. மேனுவல்ல எம்2_1 நேரா சிபியுவோட சேர்ந்தது, ஜென்4. எம்2_2 சிப்செட் (போர்டுல இருக்கற துணை சிப்) வழியா, ஜென்3. எம்2_2-ல எதையாவது போட்டா சாட்டா 5, 6 போர்ட் ரெண்டும் வேலை செய்யாதுன்னு இருக்கு. பழசை நகர்த்திட்டு புதுசை மேல போடணுமா, இல்ல புதுசைக் கீழேயே மாட்டிடலாமா?

ஸ்லாட்சாமி:
இதுல யோசிக்க என்ன இருக்கு? புதுசு மேல, பழசு கீழ. பழசு எப்படியும் ஜென்3, கீழ போனாலும் அதுக்கு ஒரு எம்பி கூட நஷ்டம் இல்ல. புதுசைக் கீழ போட்டீங்கன்னா 7000 ஓட வேண்டியது 3500-ல முட்டிக்கிட்டு நிக்கும். பாதி காசை கடைலயே விட்டுட்டு வந்த கணக்கு.

பழைய_டிஸ்க்:
அந்த 7000 எந்த வேலைக்கான நம்பர்னு முதல்ல பாருங்க. ஒரு பெரிய ஃபைலை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல படிக்கற வேகம் அது. விண்டோஸ் எழறதும் ரிசால்வ் திறக்கறதும் சின்னச் சின்னத் துண்டாப் படிக்கற வேலை. டிஸ்க் வேகம் அளக்கற கிறிஸ்டல்டிஸ்க்மார்க்ல கடைசி வரி இருக்கே, 4கே க்யூ1 (4 கேபி துண்டை ஒவ்வொண்ணாப் படிக்கறது, வீடியோ 4கே இல்ல), அதுல ஜென்3-யும் சரி ஜென்4-யும் சரி, பொதுவா நூறு எம்பிக்குள்ளதான் வரும்.

எடிட்டிங் கணக்கையும் போட்டுடுவோம். கேமரால 4கே 100 மெகாபிட்னா வினாடிக்கு 12.5 எம்பி. நாலு கேமரா மல்டிகேம்னாலும் 50. ப்ரோரெஸ் 422 எச்க்யூ (எடிட்டிங்குக்கான கனமான வீடியோ ஃபார்மட்), யூஎச்டி 25 ஃப்ரேம்னா 737 மெகாபிட், அதாவது ஒரு ஸ்ட்ரீமுக்கு 92 எம்பி. நாலு ஸ்ட்ரீம் ஒண்ணா ஓட்டினா 370 எம்பி கூட வரல. எம்2_2-ல கிடைக்கற 3500-ல அது பத்துல ஒரு பங்கு. இதுக்காக ஒழுங்கா ஓடிட்டிருக்கற விண்டோஸ் டிஸ்க்கை எதுக்குக் கழட்டணும்?

ஸ்லாட்சாமி:
அண்ணே, கணக்கு சரி. ஆனா எம்2_2 தனியா ஓடலையே. பி550 சிப்செட்டுக்கும் சிபியுவுக்கும் நடுவுல இருக்கறதே பிசிஐஇ 3.0 எக்ஸ்4, அதாவது நாலு லேன் (டேட்டா போற தடம்) உள்ள ஒரே ஒரு பாதை. சாட்டா, நெட்வொர்க், பாதி யூஎஸ்பி போர்ட் எல்லாம் அதுலதான் வரிசைகட்டி வரணும். கார்டு ரீடர்ல இருந்து காப்பி, ஹார்டு டிஸ்க்ல பேக்கப், கூடவே எடிட்டிங்னு ஓட்டினா நெரிசல்தான். எம்2_1-க்கு சிபியுல இருந்து நேரா நாலு லேன் தனியா வருது.

பழைய_டிஸ்க்:
நெரிசலையும் எண்ணிப் பார்ப்போமே. ஹார்டு டிஸ்க் ஒண்ணு நல்லா ஓடினா 200 எம்பி. ஜிகாபிட் நெட்வொர்க் 110-120. யூஎஸ்பி 5 ஜிகாபிட் போர்ட் முழு மூச்சுல போனா 450. எல்லாத்தையும் கூட்டினாலும் ஆயிரத்தைத் தொடல, பாதையோ 3500-க்கு மேல தாங்கும். பழசுல இருந்து புதுசுக்குக் காப்பி பண்றப்பவும் பழசோட ஜென்3 வேகம்தான் எல்லை. எது மேல எது கீழன்னு மாத்தினா அது மாறப்போறதில்ல.

ராத்திரி_ரெண்டர்:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். என்னோடதும் பி550தான், ஆனா 5600ஜி. ஜென்4 டிஸ்க்கை எம்2_1-லதான் போட்டிருக்கேன், 3500 தாண்டவே மாட்டேங்குது. டிஸ்க் டூப்ளிகேட்டா?

கோவை_பில்டர்:
டிஸ்க் மேல தப்பு இல்லீங்க. 5600ஜி, 5500 ரெண்டும் பிசிஐஇ 3.0 சிப்புங்க. போர்டுல ஜென்4-னு அச்சடிச்சிருந்தாலும் சிபியு கொடுக்கறதுதான் அந்த ஸ்லாட்டுக்கு வரும். இன்டெல்ல இதைவிட மோசம்: பி560 போர்டுல 10-ஆம் தலைமுறை சிபியு போட்டீங்கன்னா, சிபியுல இருந்து லேன் வர்ற எம்.2 ஸ்லாட் செத்த மாதிரி கிடக்கும். அந்த நாலு லேன் 11-ஆம் தலைமுறைலதான் வந்துச்சு. ஸ்லாட் போயிருச்சுன்னு போர்டையே திருப்பிக் கொடுக்கப் போனவங்க உண்டுங்க.

ஆக "எப்பவும் எம்2_1"ங்கறது பொது விதி இல்லீங்க சாமி. இன்டெல் இசட்790 போர்டு சிலதுல ஜென்5 எம்.2 ஸ்லாட் இருக்கும். அதுல டிஸ்க் போட்டா கிராபிக்ஸ் கார்டு எக்ஸ்16-ல இருந்து எக்ஸ்8-க்கு இறங்கிரும், ஏன்னா லேன் அங்கிருந்துதான் எடுக்கறாங்க. ஆசைப்பட்டு அதுல ஜென்4 டிஸ்க்கைப் போட்டாலும் அதே கதைதான்.

ஸ்லாட்சாமி:
நான் பொது விதி எழுத வரல. கேட்டவர்கிட்ட இருக்கறது 5600, அது பிசிஐஇ 4.0 கொடுக்கற சிபியு. அவர் போர்டுக்கு நான் சொன்னது சரியா தப்பா, அதைச் சொல்லுங்க.

கோவை_பில்டர்:
சரிதானுங்க. ஆனா நீங்க ரெண்டு பேருமே சாட்டாவை விட்டுட்டீங்க. புதுசு மேல போனாலும் கீழ போனாலும் எம்2_2 நிரம்பத்தான் போகுது, அப்ப சாட்டா 5, 6 ரெண்டும் அவுட். கல்யாண_கேமரா, உங்க மூணு டிஸ்க்கும் எந்தெந்த போர்ட்ல இருக்குன்னு முதல்ல பாருங்க. இல்லாட்டி எஸ்எஸ்டி மாட்டின அன்னைக்கு பழைய கல்யாணம் எல்லாம் காணாமப் போச்சேன்னு வந்து நிப்பீங்க.

கல்யாண_கேமரா:
சைடு பேனலைத் திறந்து பார்த்தேன். ரெண்டு டிஸ்க் 1, 2-ல. பேக்கப் டிஸ்க் 5-ல மாட்டியிருக்கு! அதை 3-க்கு மாத்திடறேன். சூடு பத்தி யாரும் பேசலையே? எம்2_1 சரியா சிபியு கூலருக்கும் கார்டுக்கும் நடுவுல இருக்கு.

பழைய_டிஸ்க்:
அதைத்தான் சொல்ல வந்தேன். ரெண்டரிங் ஓடறப்ப 3060-ஓட முதுகுச் சூடு நேரா அந்த இடத்துலதான் ஏறும். ஜென்4 டிஸ்க் தொடர்ந்து எழுதறப்ப தானாவே சூடாகும் சரக்கு. நிறைய டிஸ்க்குக்கு ஸ்பெக் ஷீட்லயே 70 டிகிரி வரைக்கும்தான் போட்டிருப்பாங்க. அதைத் தாண்டிப் போச்சுன்னா தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுடும். அப்ப 7000 எங்க போகும்?

ஸ்லாட்சாமி:
அப்ப எம்2_2 என்ன ஊட்டியா? அது கார்டுக்கு நேர் கீழ, ஃபேன் இருக்கற பக்கம். அங்க கிடக்கறதும் வெந்த காத்துதான். எம்2_1-க்கு போர்டுக்காரனே ஹீட்சிங்க் கொடுத்திருக்கான். இந்த விலை போர்டுகள்ல எம்2_2 பெரும்பாலும் மொட்டையாத்தான் இருக்கும்.

கல்யாண_கேமரா:
ஆமா, என்னோடதுலயும் கீழ ஹீட்சிங்க் இல்ல.

பழைய_டிஸ்க்:
சரி, சூட்டு விஷயத்துல சாமிக்கு ஒரு புள்ளி. ஆனாலும் மாத்தறதுல வேலை இருக்கு. எம்2_1 ஹீட்சிங்க்கைத் தூக்கறப்ப தெர்மல் பேட் பழைய டிஸ்க்கோட ஒட்டிக்கிட்டு வரும். இழுத்தா கிழியும், கிழிஞ்சா அதே கனத்துல வேற பேட் தேடணும். விண்டோஸ் எழலைன்னா பயாஸ்ல பூட் வரிசை பார்க்கணும். பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) ஆன்ல இருந்தா ரெக்கவரி கீ கேட்டாலும் கேட்கும். நாளைக்கு டெலிவரி இருக்கற ஆளுக்கு இது தேவையா?

ஸ்லாட்சாமி:
எம்2_2 கார்டுக்குக் கீழதான இருக்கு? அப்ப உங்க வழில போனாலும் கார்டைக் கழட்டித்தான் ஆகணும். கார்டே வெளில வந்தப்புறம் மேல இன்னும் ரெண்டு ஸ்க்ரூ, அவ்வளவுதான். பேட் ஒட்டிக்கிட்டா அவசரப்படாம பக்கவாட்டுல மெதுவா முறுக்கினா விட்டுடும், மேல இழுக்கக்கூடாது.

கோவை_பில்டர்:
கார்டு கழட்டறப்ப ஸ்லாட் நுனில இருக்கற பிளாஸ்டிக் கிளிப்பை அமுக்கிட்டு எடுங்க. எம்2_2-க்கான குட்டி ஸ்க்ரூவும் அடில வர்ற பித்தளை நட்டும் போர்டு வந்த பெட்டிலதான் இருக்கும், எஸ்எஸ்டி கூட வராமலும் போகும். டிஸ்க்கை 30 டிகிரி சாய்ச்சு உள்ள தள்ளுங்க, தங்கப்பல் முழுசா உள்ள போகணும், அப்புறம் படுக்க வச்சு ஸ்க்ரூ. ஹீட்சிங்க்ல புது பேட் போட்டீங்கன்னா அதுமேல இருக்கற பிளாஸ்டிக் தாளை உரிச்சுட்டுப் போடுங்க. பில்லிங் போட்டு மாட்டிக் கொடுத்த மெஷின்லயே அந்தத் தாள் அப்படியே இருந்ததைப் பார்த்திருக்கேன்.

கல்யாண_கேமரா:
டெலிவரி முடிச்சிட்டு இன்னைக்குத்தான் உக்காந்தேன். புதுசு மேல, பழசு கீழ. பேட் கிழியல. முதல் தடவை நேரா பயாஸ்ல போய் நின்னுச்சு, பூட் வரிசைல விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்ததும் எழுந்துடுச்சு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல புதுசுக்கு "பிசிஐஇ 4.0 எக்ஸ்4 | பிசிஐஇ 4.0 எக்ஸ்4"னு (இப்ப ஓடறது | டிஸ்க் தாங்கறது) காட்டுது. பழசுக்கு ரெண்டு பக்கமும் 3.0 எக்ஸ்4. ரிசால்வ் கேஷ், நடப்பு ப்ராஜெக்ட் ரெண்டையும் புதுசுக்கு மாத்திட்டேன். மூணு ஹார்டு டிஸ்க்கும் தெரியுது.

பழைய_டிஸ்க்:
நல்லது. எக்ஸ்போர்ட் நேரம்?

கல்யாண_கேமரா:
அது அப்படியேதான் இருக்கு சார்.

ஸ்லாட்சாமி:
எக்ஸ்போர்ட் சிபியு, ஜிபியு வேலை, அதைக் குறைக்கும்னு நான் எங்கயும் சொல்லலையே! ரெண்டரிங் ஓடறப்ப டிஸ்க் எத்தனை டிகிரி காட்டுது?

கல்யாண_கேமரா:
58. இன்னொரு சந்தேகம். அடில இன்னொரு நீள எக்ஸ்16 ஸ்லாட் காலியா இருக்கே, அதுல அடாப்டர் கார்டு போட்டு மூணாவது என்விஎம்இ மாட்டலாமா?

பழைய_டிஸ்க்:
மாட்டலாம். பேர்தான் எக்ஸ்16, பி550-ல பெரும்பாலும் உள்ள வர்றது சிப்செட்டோட ஜென்3 லேன், அதிகபட்சம் எக்ஸ்4. சில போர்டுல பக்கத்து எக்ஸ்1 ஸ்லாட்ல எதையாவது செருகினா எக்ஸ்2-க்கு இறங்கிடும். சிலதுல அந்த லேனும் எம்2_2-உம் பங்காளி, ஒண்ணு ஓடினா மத்தது ஓடாது. மேனுவல்ல "விரிவாக்க ஸ்லாட்" பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.

ஸ்லாட்சாமி:
அதுக்கு முன்னாடி அந்த மூணாவது டிஸ்க்கை வாங்கிடாதீங்க.