பொருள்: 'மனவயது' – வேறு சொல் கிடைக்குமா?

குழுவினருக்கு வணக்கம்.

கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்காக, உளச்சோதனைகளின் வரலாறு பற்றி ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பிரெஞ்சு உளவியலாளர்கள் பினேயும் சிமோனும் குழந்தைகளின் அறிவை அளக்க 1905-இல் 30 சோதனைகளை வகுத்தது வரை தடங்கல் இல்லை. 1908-இல் அவற்றைத் திருத்தி, 3 வயது முதல் 13 வரை வயதுவாரியாக அடுக்கினார்கள். மூக்கு எங்கே, கண் எங்கே, வாய் எங்கே என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தை தொட்டுக் காட்ட வேண்டும். இப்படி எந்த வயதுக்கான அடுக்கு வரை தேறுகிறதோ, அதுவே அக்குழந்தையின் 'மெண்டல் ஏஜ்'. பாடநூல் 'மனவயது' என்கிறது. வகுப்பில் சொன்னால், "மனசுக்கு வயசாகிடுச்சா டீச்சர்?" என்று சிரிக்கிறார்கள். பெற்றோரிடம் "உங்க பையனுக்கு மனவயது ஆறு" என்று சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியுமா?
– கொழிஞ்சாம்பாறை

டீச்சர், வயது வடசொல். 'அறிவகவை' என்று எழுதுங்கள். இன்னும் சொன்னால் 'அகவை' மட்டுமே போதும். அகம் என்பதன் அடியாகப் பிறந்த சொல் அது என்பது என் கட்சி. உள்ளே முதிர்வது என்ற பொருள் அதிலேயே கிடக்கிறது. அகவுதல், அகவல் இரண்டையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மயில் அகவுவது…
– செங்கோட்டை

ஐயா, மயிலை விட்டுவிடுவோம். 'இராமுவின் அகவை 8, அகவை 10' என்று எழுதினால் எது பிறந்தநாள் கணக்கு, எது சோதனைக் கணக்கு?

சிக்கல் பினேயிடம் இல்லை. அவர் பெரும்பாலும் பிரெஞ்சில் 'நிவோ' என்றுதான் எழுதினார். அதாவது எட்டியிருக்கும் உயரம், படி. வயது என்ற பேச்சு பிறர் கையில்தான் வலுத்தது. ஆக 'நிலை' என்று வைக்கலாம் என்றால், மனநிலை வேறு பொருளுக்குப் போய்விட்டது. மனநிலை சரியில்லை என்றால் ஊரே வேறு மாதிரிப் பார்க்கும். 'மனமட்டம்' பார்த்தேன். மட்டமான பையன் என்று காதில் விழும். 'பருவம்' என்றால் ஏழாம் வகுப்பு முழுக்கச் சிரிக்கும். மிஞ்சுவது 'அறிவுப்படி'. 'எட்டு வயதுக்கான அறிவுப்படியில் இருக்கிறான்' என்றால் யாருக்கும் உறுத்தாது. ஏறலாம் என்ற குறிப்பும் உண்டு. பயிற்சியால் முன்னேறலாம் என்பது பினேயின் கட்சியும்கூட.
– கம்பம்

படி நன்றாக இருக்கிறது மாஷே, ஆனால் அடுத்த பக்கத்திலேயே கவிழும். 1912-இல் ஜெர்மன் உளவியலாளர் ஸ்டெர்ன் வகுத்தது வயதை வயதால், அதாவது மனவயதை உடல்வயதால். 1916-இல் அமெரிக்க உளவியலாளர் டெர்மன் அதை 100-ஆல் பெருக்கினார். மனவயது 10, உடல்வயது 8, நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 125. படியை வயதால் வகுத்தால் கணக்கு டீச்சர் என்னைத்தான் கூப்பிடுவார். எங்கள் பிள்ளைகள் வெளியே 'மானசிக பிராயம்' என்று மலையாளத்தில் கேட்கிறார்கள். 'மனப்பிராயம்' என்றால் உடனே பிடிபடும்.
– கொல்லங்கோடு

பிராயமா? வயதைத் துரத்திவிட்டு அதன் பங்காளியைக் கூட்டி வருகிறீர்கள். தமிழ்வழிப் பள்ளி எதற்கு?
– செங்கோட்டை

பிள்ளைக்குப் புரிவதற்கு.
– கொல்லங்கோடு

இன்னொன்று. 1939-இல் அமெரிக்க உளவியலாளர் வெக்ஸ்லர் பெரியவர்களுக்கான அளவையில் இந்த வகுத்தலையே கைவிட்டார். நாற்பது வயதுக்காரரை எந்த வயதால் வகுப்பது? ஒத்த வயதினரின் சராசரியை 100 என்று வைத்து, அதிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்த்தார். அப்படியானால் 'நுண்ணறிவு ஈவு' என்ற சொல்லில் ஈவு எங்கே? வகுத்தலே இல்லையே!
– கம்பம்

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஈவைத் தொடாதீர்கள். அது முப்பது இடத்தில் வருகிறது.

நால்வர் மனவயதே இருக்கட்டும் என்று தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர் களைத்துப்போய். சரி, ஸ்டெர்ன் பகுதி முதல் மனவயது. பினே பகுதியில் மட்டும் அறிவுப்படி, கீழே ஒரு வரி விளக்கம். பெற்றோரிடம் இரண்டையுமே சொல்ல வேண்டாம், குழந்தை எதைச் செய்கிறது, எது வரவில்லை என்று சொன்னால் போதும் என்றும் சேர்த்துவிட்டேன்.
– கொழிஞ்சாம்பாறை

ஒரே கையேட்டில் ஒன்றுக்கு இரண்டு சொல்லா? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அகவல் பற்றி விரிவாக ஞாயிறன்று எழுதுவேன்.
– செங்கோட்டை