1014-ஆம் ஆண்டு நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள்: தேதிகளை எப்படிச் சரிபார்ப்பது?

ஓலைக்கட்டு:
கி.பி. 1014-க்கு ஓர் ஆண்டுப் பட்டியல் தொகுக்கிறேன். மூன்று இடத்தில் இடிக்கிறது. முதலாம் இராஜராஜன் மறைவுக்கு இணையத்தில் மாதம், நாள் வரை போட்டிருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளலாமா? இராஜேந்திரன் பட்டமேறியது 1012-ஆ, 1014-ஆ? அயர்லாந்தின் கிளான்டார்ஃப் போர் ஏப்ரல் 23 என்றும் 29 என்றும் கிடைக்கிறது. பிறப்புகள் பகுதியில் ஒருவர்கூடத் தேறவில்லை, அப்படியே விட்டுவிடலாமா?

கல்லெழுத்து:
இராஜராஜனுக்கு 1014 என்று ஆண்டை மட்டும் போடுங்கள். அவன் இறந்த நாளைச் சொல்லும் கல்வெட்டு கிடைக்கவில்லை. ஆண்டையே ஆட்சியாண்டுக் கணக்கில்தான் (மன்னன் ஆளத் தொடங்கியதிலிருந்து எண்ணுவது) பிடித்திருக்கிறார்கள். அவன் ஆட்சி தொடங்கியது 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் என்பது கல்வெட்டு அறிஞர் கீல்ஹார்ன் கணித்தது. கல்வெட்டுகளில் கிடைக்கும் கடைசி ஆட்சியாண்டு 29. முதல் ஆண்டே 985-இல் தொடங்குவதால் ஆட்சியாண்டோடு 984-ஐக் கூட்ட வேண்டும்: 29-ஆம் ஆண்டு 1013 நடுவில் தொடங்கி 1014 நடுவில் முடிகிறது.

நிறையப் பேர் 985-ஐக் கூட்டிவிடுகிறார்கள். அது சில இடங்களில் தற்செயலாகச் சரியாக வந்துவிடும் என்பதால்தான் பிழை கண்ணில் படுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்க 3083 பலம் (பழைய எடையளவு) நிறையுள்ள செப்புக்குடத்தை அவன் கொடுத்தது 25-ஆம் ஆண்டு, 275-ஆம் நாள். 25-ஆம் ஆண்டு 1009 நடுவில் தொடங்குகிறது. அங்கிருந்து 275-ஆம் நாளை எண்ணினால் 1010 மார்ச் 26-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் விழும். 985-ஓடு 25-ஐக் கூட்டினாலும் 1010 தான் வரும். ஆனால் அதே கல்வெட்டில் 100-ஆம் நாள் என்று இருந்திருந்தால் அது 1009. கூட்டல் உங்களை ஓராண்டு தள்ளிவிட்டிருக்கும். நாள் எண் இருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள்.

இராஜேந்திரனுக்கு இரண்டு ஆண்டுமே சரி. 1012-இல் தந்தையோடு சேர்ந்து ஆளத் தொடங்கினான். அவனுடைய ஆட்சியாண்டுகள் அங்கிருந்துதான் எண்ணப்படுகின்றன. அதனால் இருவர் கணக்கும் ஒன்றின்மேல் ஒன்று படிகிறது. ‘1014: முடிசூடினான்’ என்று எழுதாமல் ‘தனியாட்சி தொடங்கியது’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் படிப்பவர் அவனுடைய 3-ஆம் ஆண்டுக் கல்வெட்டை 1016 என்று கணக்கிடுவார். அது 1014-15.

ஜூலியன்நாள்:
கிளான்டார்ஃப் ஏப்ரல் 23. அயர்லாந்து மன்னர் பிரையன் போரு கொல்லப்பட்டது புனித வெள்ளியன்று. அந்த வருட ஈஸ்டர் ஏப்ரல் 25, ஈஸ்டர் வரக்கூடிய கடைசி நாள். 29 என்பது யாரோ இன்றைய கிரிகோரியன் நாட்காட்டி முறைக்கு மாற்றியது. அந்த நூற்றாண்டில் வித்தியாசம் 6 நாள். கிரிகோரியன் வந்த 1582-க்கு முந்தைய எதையும் மாற்றாமல் பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே வைப்பதுதான் வழக்கம். கலந்துவிட்டால் கிழமை இடிக்கும்.

பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) தேதிகளில் இதைவிடப் பெரிய பள்ளம் இருக்கிறது. அவர்களுக்குப் புத்தாண்டு செப்டம்பர் 1. பல்கேரியரை அவர்கள் வென்ற கிளெய்தியோன் போர் ஜூலை 29, உலகத் தோற்ற ஆண்டு (உலகம் தோன்றியதாக அவர்கள் கருதிய காலத்திலிருந்து எண்ணுவது) 6522. தோற்றுப்போன பல்கேரிய மன்னர் சாமுவேல் இறந்தது அக்டோபர் 6, ஆண்டு 6523. இடையில் 69 நாள்தான். இரண்டிலும் 5508-ஐக் கழித்தால் சாமுவேல் 1015-க்குப் போய்விடுவார். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5509-ஐக் கழிக்க வேண்டும்.

அந்தப் போரில் பிடிபட்டுக் கண் பறிக்கப்பட்ட பல்கேரியக் கைதிகள் 15,000 என்பதை உறுதியான எண்ணாகப் போடாதீர்கள். பைசாந்திய வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்சேஸ் அதை ‘சொல்கிறார்கள்’ என்ற அளவில்தான் தருகிறார். இன்னொரு பைசாந்திய எழுத்தாளர் கெகௌமெனோஸ் 14,000 என்கிறார்.

இங்கிலாந்துக்கு: டென்மார்க்கின் சுவெய்ன் பிப்ரவரி 3-இல் கெயின்ஸ்பரோவில் இறந்தார். கப்பற்படை அவர் மகன் நூட்டைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் நாடுகடந்திருந்த எத்தல்ரெட் வசந்தத்திலேயே திரும்பி அவரை விரட்டிவிட்டார். நூட் இங்கிலாந்து மன்னரானது 1016-இல். ஜெர்மன் மன்னர் இரண்டாம் ஹென்றி ரோமில் பேரரசராக முடிசூடியது பிப்ரவரி 14. செப்டம்பர் 28 கடல்வெள்ளத்தை விட்டுவிடாதீர்கள். ஊர்கள் மூழ்கி எண்ணற்றோர் இறந்ததாக ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு சொல்கிறது.

பிறைக்கணக்கு:
ஹிஜ்ரி (இஸ்லாமியப் பிறை நாட்காட்டி) தேதிகளுக்கு மாதம் தெரியாமல் ஆண்டை மாற்றாதீர்கள். அதில் வருடத்துக்கு 354 அல்லது 355 நாள் என்பதால் ஒரே எண்ணைக் கூட்டிக் கழிக்க முடியாது. 404 தொடங்கியது 1013 ஜூலையில், 405 தொடங்கியது 1014 ஜூலைத் தொடக்கத்தில். ஹதீஸ் அறிஞர் அல்-ஹாகிம் நிஷாபூரி இறந்தது 405 சஃபர் மாதம். சஃபர் இரண்டாவது மாதம், ஆகவே 1014 ஆகஸ்ட். அவரை இறப்புகளில் தயங்காமல் சேர்க்கலாம். கஜினி மஹ்மூதின் தானேசர் படையெடுப்பை 1011 என்றும் 1014 என்றும் எழுதுகிறார்கள், கேள்விக்குறியோடு போடுங்கள். ஜப்பானிய எழுத்தாளர் முராசாகி ஷிகிபு இறப்பும் அப்படித்தான், ‘சுமார்’ இல்லாமல் வேண்டாம்.

பிறப்புகள் காலியாக இருப்பது குறை இல்லை. குறிப்பேடு எழுதியவர்களுக்கு இறப்புதான் செய்தி. பிறந்தபோது அந்தக் குழந்தை யாரென்று யாருக்குத் தெரியும்? பிறந்த ஆண்டை இறந்த வயதிலிருந்துதான் பின்னோக்கி எடுக்கிறார்கள். 1084 மார்ச்சில் 70 முடிந்து இறந்தவர் 1013-லும் பிறந்திருக்கலாம், 1014-லும் பிறந்திருக்கலாம். சீனா, ஜப்பான் பக்கம் பிறந்தவுடனேயே வயது ஒன்று. அங்கே 70 வயதில் இறந்தார் என்றால் 1084-இலிருந்து 69-ஐத்தான் கழிக்க வேண்டும், பிறந்தது 1015. பகுதியை நிரப்புவதற்காக இவர்களை 1014-இல் கொண்டுவந்து வைத்தால் அதைப் பத்துத் தளங்கள் நகலெடுக்கும்.

ஓலைக்கட்டு:
நன்றி ஐயா, எல்லோருக்கும். இராஜராஜன் இறந்த நாளை நீக்கிவிட்டேன். சாமுவேலை நான் 1015-இல்தான் வைத்திருந்தேன், திருத்திவிட்டேன். கீவ் நாட்டு ஆட்சியாளர் விளாதிமிர் இறப்பையும் 1014 என்று ஓரிடத்தில் பார்த்தேன். சேர்க்கலாமா?

ஜூலியன்நாள்:
வேண்டாம். அவர் இறந்தது 1015 ஜூலை 15. மாதம் ஜூலை என்பதால் செப்டம்பர்ப் புத்தாண்டுச் சிக்கலும் இதில் இல்லை.