மழைக்கு முன்னயா, மழை ஓய்ஞ்ச பிறகா? ரோஜா கவாத்து: நெல்லைப் பக்கத்துக்காரங்க சொல்லுங்க

பாளை மாடித்தோட்டம்:
வணக்கம். மாடியில ஒன்பது தொட்டி ரோஜா வச்சிருந்தேன். போன வருசம் ஐப்பசி பிறந்ததும் ஒரு வீடியோவப் பாத்து எல்லாத்தையும் அரையடி உயரத்துக்கு வெட்டிட்டேன். நாலாம் நாள் அடைமழை. வெட்டுன நுனி கறுத்து, அந்தக் கறுப்பு வாரத்துக்கு ரெண்டு விரக்கடை கீழ இறங்கிட்டே வந்துச்சு. கார்த்திகை முடியுமுன்ன மூணு செடி போயிட்டு. ஒண்ணு எங்கம்மா கையால வச்ச மஞ்சள் ரோஜா. இப்ப திரும்ப ஐப்பசி வந்துட்டு. கத்தரிய எடுத்தாலே கை நடுங்குது. வெட்டவா, விடவா?

கரிசல்காட்டான்:
வெட்டுங்க மதினி, பயப்படாதிய. சங்கரன்கோவில் பக்கம் முக்கால் ஏக்கர்ல ஆந்திரா சிவப்பு ரோஜா போட்டிருக்கேன். வருசம் தவறாம புரட்டாசிக் கடைசியில கவாத்து. மழை இறங்குமுன்ன வெட்டுவாய் காஞ்சிரணும், அவ்வளவுதான். பிறகு அந்த மழையிலயே தளிர் கிளம்பிரும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அக்டோபர்-டிசம்பர்னுதான் சொல்லுது. வெட்டாம விட்டுப் பாருங்க: குச்சி நெடுநெடுன்னு போகும், நுனியில சுண்டைக்காய் அளவு பூ. கிளை ஒண்ணோட ஒண்ணு உரசிக் காயமாகும். நடுவுல காத்து போகாம இலையெல்லாம் கரும்புள்ளி. அதுவும் சாவுதான், பைய வர்ற சாவு.

தாமிரபரணிக்கரை:
அண்ணாச்சி, அக்டோபர்-டிசம்பர்ங்கறது மூணு மாசம், தமிழ்நாடு முழுசுக்கும் சேத்துச் சொன்னது. நமக்கு அந்த மூணு மாசமும் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 மறந்துபோச்சா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுது. அதுக்கு ஒரு வாரம் முன்னதான் ஆறு செடிய வெட்டியிருந்தேன். நாலு கருகிட்டு. வேலியோரம் வெட்டாம விட்ட பன்னீர் ரோஜா மட்டும் அசையாம நின்னுச்சு.

பூக்கணக்கையும் பாருங்க. வெட்டுனதுல இருந்து பூவுக்கு ஏறக்குறைய 45 நாள். ஐப்பசி ஒண்ணுல வெட்டுனா பூ விரியறது கார்த்திகை நடுவுல. மொட்டுக்குள்ள தண்ணி இறங்கி இதழ் பழுப்பா ஒட்டிக்கிடும், விரியாது. மார்கழி பாதியில வெட்டுனா மாசி பிறக்கும்போது பூ. பனி இருக்கும், மழை இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. நம்ம ஊரு ரோஜாவுக்கு அத விட நல்ல நாள் இல்ல.

கரிசல்காட்டான்:
பன்னீர் ரோஜாவச் சாட்சிக்குக் கூப்பிடாதிய. அது வேற இனம், முரட்டுச் செடி, வெட்டியிருந்தாலும் நின்னிருக்கும். அந்த வெள்ளத்துல வேர் தண்ணிக்குள்ள எத்தன நாள் கிடந்துச்சு? வேர் அழுகுனதுக்குக் கத்தரி மேல பழி போடக்கூடாது.

தாமிரபரணிக்கரை:
வேர் அழுகுனா செடி மொத்தமா வாடும் அண்ணாச்சி. எனக்குக் கறுப்பு வெட்டுவாயில தொடங்கித்தான் இறங்குச்சு. நுனிக்கருகல். மதினி சொல்லுததும் அதேதான்.

ஒட்டுக்கத்தி:
நான் நாற்றுப்பண்ணையில ஒட்டு கட்டுதேன், வயசுல சின்னவன். ஒரு சங்கதிய ரெண்டு பேருமே விட்டுட்டிய. அண்ணாச்சி செடி குச்சி நட்டு, தன் வேர்லயே நிக்கிறது. கரிசல்ல நாலு பக்கமும் காத்து, வெட்டுவாய் ஒரு நாள்ல காயும். அக்கா மாடியில இருக்கறது பெரும்பாலும் ஒட்டுச்செடி, அதாவது வேற ரோஜாவோட வேர் மேல நல்ல ரகத்த ஒட்டுனது. அதுபோக தொட்டி மண்ணு, பக்கத்துச் சுவர். ரெண்டுக்கும் ஒரே நாள் குறிக்க முடியாது.

அத விடப் பெரிய தப்பு அந்த அரையடி. பனி உறையற நாட்டுல குளிருக்கு ரோஜா இலைய உதுத்துட்டுத் தூங்கும், சாப்பாடு அடித்தண்டுலயும் வேர்லயும் சேந்திருக்கும். அங்க ஒட்ட வெட்டலாம். நம்ம ஊர்ல செடி தூங்கறதே இல்ல. அதுக்குச் சோறு போடறது இலை. மூணுல ஒரு பங்கு, மிஞ்சுனா பாதி, அதுக்கு மேல எடுக்காதிய. அக்கா செடிய மழை மட்டும் கொல்லல.

கீழயிருந்து விறுவிறுன்னு ஒரு போத்து வந்தா, காம்புக்கு ஏழு இலை இருக்கு, அடிவேர்ச் செடியோட போத்துதான்னு பிடுங்காதிய. நல்ல ரகத்துலயும் ஏழு இலை வரும். மண்ணத் தள்ளிப் பாருங்க, ஒட்டுக்குக் கீழயிருந்து வந்தா மட்டும் எடுங்க.

கரிசல்காட்டான்:
தம்பி சொன்ன ஒட்டுக்கணக்கு சரி. நானும் பாதிக்கு மேல எடுக்கறதில்ல. ஆனா காஞ்ச குச்சி, கறுத்த குச்சிக்கும் மார்கழி வரை காத்திருக்கணுமா? அத மட்டும் ஒத்துக்கிட மாட்டேன்.

தாமிரபரணிக்கரை:
அதுக்கு நாள் பாக்க வேண்டாம், இன்னைக்கே எடுக்கணும். நான் தள்ளிப்போடச் சொன்னது பச்சைக் கிளைய. இதத் தெளிவா முதல்லயே சொல்லியிருக்கணும்.

பாளை மாடித்தோட்டம்:
ரெண்டு செடியில நுனி கறுத்திருக்கு. எது வரை வெட்ட?

ஒட்டுக்கத்தி:
கறுப்பு முடியற இடத்துல நிறுத்தாதிய அக்கா. வெட்டிட்டு வெட்டுவாயப் பாருங்க. நடுவுல காப்பித்தூள் நிறம் இருந்தா நோய் இன்னும் கீழ போயிருக்கு. வெள்ளை தெரியற வரை இறங்குங்க. தளிர் கிளம்புற முளையத்தான் கண்ணுன்னு சொல்லுவோம். வெளிப்பக்கம் பாத்த கண்ணுக்குக் கால் அங்குலம் மேல, தண்ணி கண்ணு மேல வடியாதபடி சாய்வா. ஒவ்வொரு செடிக்கும் கத்தரிய ஸ்பிரிட்ல துடைங்க.

கரிசல்காட்டான்:
வெட்டுவாய்க்குப் போர்டோ பசை பூசுங்க மதினி. மயில்துத்தம், அதான் காப்பர் சல்பேட், 100 கிராம் அரை லிட்டர் தண்ணியில, நீத்துன சுண்ணாம்பு 100 கிராம் அரை லிட்டர்ல, தனித்தனியாக் கரைச்சுப் பிறகு கலக்கணும். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு ஆகாது. பளபளன்னு தேச்ச கத்திய ஒரு நிமிசம் முக்கி எடுங்க. செம்பு நிறம் படிஞ்சா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு.

பாளை மாடித்தோட்டம்:
நாளைக்குக் காலையில வெயில் இருந்தா அந்த ரெண்ட மட்டும் வெட்டுதேன். மத்த நாலும் மார்கழிக்கு.

கரிசல்காட்டான்:
நான் என் காட்டுல புரட்டாசியில வெட்டியாச்சு, தளிர் வந்துட்டு. கார்த்திகையில பூவோட படம் போடுதேன், தாமிரபரணிக்கரை பாக்கட்டும். மதினி, வெட்டுன கறுத்த குச்சியத் தொட்டியிலயே போட்டுராதிய. அள்ளி எரிச்சிருங்க.