எக்ஸ்பல்ஸ் 200: முன் ஸ்ப்ராக்கெட் 13-ஐ 12 ஆக்கினேன், இப்போ செயின் ‘டக் டக்’னு அடிக்குது. உதவி வேணும்

எண்ணூர்_மணல்
வணக்கம். வீடு திருவொற்றியூர், வேலை மணலி. வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக், 19,400 கி.மீ. ஓடியிருக்கு. செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடற பல்சக்கரம்) வண்டியோட வந்ததுதான், இதுவரைக்கும் மாத்தல. பல்லு எண்ணிப் பார்த்தேன்: முன்னாடி 13, பின்னாடி 40.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைல ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நின்னுட்டா, நடுவுல ஆள் நடக்கற வேகத்துலதான் போக முடியும். முதல் கியர்லயே வண்டி முந்திக்கிட்டுப் போகும், வழி முழுக்க ஹாஃப் கிளட்ச்தான். ஞாயித்துக்கிழமை காட்டுப்பள்ளி பக்கம் மணல்ல இறங்கினா அங்க வேற மாதிரி கஷ்டம். ரெண்டாவது கியர்ல திணறுது, முதல்ல போட்டா கத்துது.

அதனால போன வாரம் முன்னாடி 12 பல்லு போட்டேன். இழுவை நல்லாவே ஏறிடுச்சு. ஆனா மெதுவா போறப்போ கால் கிட்ட ‘டக் டக்’னு அடி கேக்குது. ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கை) மேல இருக்கற ரப்பர்ல செயின் உரசின தடம் தெரியுது. 80 கி.மீ. வேகத்துல 5,800 காட்டின ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுத்தற சுத்து) இப்போ 6,300 காட்டுது. கிளட்ச் போயிடுச்சோன்னு பயமா இருக்கு. யாராவது சொல்லுங்க.

ராயபுரம்_ரைடர்
செயின் லூஸா இருக்கும் ப்ரோ. டைட் வச்சுப் பாருங்க.

பழைய_பட்டறை
தம்பி, தயவுசெஞ்சு இப்போதைக்கு டைட் வைக்காதீங்க. முதல்ல அளந்து பாருங்க.

கிளட்ச் பயத்தை விட்டுடுங்க. பின் பல்லு 40-ஐ முன் பல்லு 13-ஆல வகுத்தா 3.08, 12-ஆல வகுத்தா 3.33. அதாவது அதே வேகத்துக்கு இன்ஜின் சுத்தறது 8.3 சதவீதம் கூடுது. 5,800-ஓட அதைச் சேர்த்தா 6,283. உங்க மீட்டர் காட்டறதும் அதுதான். கிளட்ச் வழுக்கினா ஆர்பிஎம் இப்படிக் கணக்குக்கு வராது, ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது மட்டும் துள்ளி ஏறும்.

சத்தத்துக்குக் காரணம் பழைய செயின்தான்னு நினைக்கிறேன். செயின் ‘நீளுது’ன்னு சொல்றோமே, உண்மையில இரும்பு நீளறதில்ல. ஒவ்வொரு பின்னும் (கண்ணியைக் கோக்கற ஆணி) அதைச் சுத்தியிருக்கற புஷ்ஷும் தேய்ஞ்சு, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடிடுது. பழைய ஸ்ப்ராக்கெட்டும் கூடவே தேய்ஞ்சதால இத்தனை நாள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போச்சு. புது 12 பல்லுல பழைய செயினோட ரோலர் பள்ளத்துல உக்காராம பல்லு மேல ஏறி ஏறி இறங்குது. அந்த அடிதான் உங்களுக்குக் கேக்குது.

அளக்கறது இப்படி. உங்க செயின் 428 சைஸ், ஒரு கண்ணி 12.7 மி.மீ. செயினை இழுத்துப் பிடிச்சு 21 பின் எண்ணுங்க. முதல் பின் நடுவுலேர்ந்து கடைசிப் பின் நடு வரைக்கும் 20 கண்ணி, புதுசுல 254 மி.மீ. இருக்கும். 259-ஐ தாண்டிட்டா அந்த செயின் முடிஞ்சுதுன்னு வச்சுக்கோங்க. ஒரே இடத்துல அளந்துட்டு விட்டுடாதீங்க, சக்கரத்தைச் சுத்தி மூணு இடத்துல பாருங்க. கூடவே சக்கரத்தைச் சுத்தச் சுத்த லூஸ் மாறுதான்னும் கவனிங்க.

எண்ணூர்_மணல்
அண்ணா, ரொம்ப நன்றி. இப்போதான் ஸ்கேல் வச்சு அளந்தேன். 259, 260, ஒரு இடத்துல 262. லூஸும் மாறுது: ஒரு இடத்துல 15 மி.மீ., எதிர்ப்பக்கம் 40 மி.மீ. கிட்ட. 12 மாட்டின கடைல டைட்டான இடத்தைப் பார்க்காம லூஸான இடத்துல வச்சு இழுத்திருக்காங்க போல.

அப்போ புது செட் போட்டுடறேன். 12/40-ஏ வச்சுக்கலாமா, இல்ல பின்னாடி மாத்தணுமா?

புழல்_ஏரிக்கரை
நான் ஒரு வருஷமா முன்னாடி 12 வச்சுதான் ஓட்டறேன், புது செயினோட. தடாவுக்கு வாரம் தவறாம போறேன், ஒரு பிரச்சனையும் இல்ல. முன் ஸ்ப்ராக்கெட் விலையும் கம்மி, அரை மணி நேர வேலை. மணல்தான் முக்கியம்னா 12-ஐ விடாதீங்க. ஆனா ஜி.என்.டி. ரோட்டுல கும்மிடிப்பூண்டி வரைக்கும் 90-ல பிடிச்சுப் போறது கஷ்டம்தான், இன்ஜின் கத்திக்கிட்டே வரும்.

பழைய_பட்டறை
ஏரிக்கரை சொல்றது பொய்யில்ல, 12-உம் ஓடும். ஆனா தினமும் வேலைக்கு ஓடற வண்டிக்கு நான் 13/42-தான் போடுவேன்.

முன்னாடி ஒரு பல்லு குறைச்சா பின்னாடி மூணு பல்லு கூட்டின மாதிரி. பின்னாடி 42 போட்டா 3.23, சுமார் 5 சதவீதம்தான் கூடும். நடந்து போற வேகத்துக்கு அதுவே தெரியும், ஹைவேல 6,100 கிட்ட நிக்கும். இன்னொண்ணு, முன் பல்சக்கரம் சின்னதாக ஆக ஒவ்வொரு கண்ணியும் கூடுதலா மடங்குது. 13-ல 27.7 டிகிரி, 12-ல 30 டிகிரி. மடங்கற இடம்தானே தேயுது! அதே இன்ஜின் சக்தி சின்ன வட்டத்துல இழுக்கறதால செயினுக்கு இழுப்பும் 8 சதவீதம் கூடும். ஸ்விங் ஆர்ம் ரப்பரை செயின் தொட்டதுக்கும் இதுதான் காரணம், சின்ன ஸ்ப்ராக்கெட்ல செயின் கீழ இறங்கிதான் போகும்.

எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்றேன். செயின்ல கண்ணி எப்பவும் இரட்டைப்படை. 13 ஒற்றைப்படைங்கறதால ஒரே பல்லு ஒரு சுத்துல உள் தகடு கண்ணியையும் அடுத்த சுத்துல வெளித்தகடு கண்ணியையும் மாறி மாறிச் சந்திக்கும். 12-ல ஒரு பல்லு எந்தக் கண்ணியோட ஆரம்பிச்சுதோ அதே வகைதான் கடைசி வரைக்கும். தேய்மானம் பரவாது.

மாட்டும்போது இதைக் கவனிங்க. பின்னாடி 2 பல்லு கூடினா, பழைய நீளச் செயினோட பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) 6 மி.மீ. போல முன்னாடி வரும். அட்ஜஸ்டர்ல அந்த இடம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ரெண்டு கண்ணி கூட உள்ள செயின் வாங்குங்க. லூஸை கையேட்டுல போட்ட அளவுக்கே வைங்க, செயின் ரொம்ப டைட்டா இருக்கற இடத்துல வச்சு அளங்க. உங்க வண்டில பின் சஸ்பென்ஷன் 170 மி.மீ. ஆடுது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட் (அது ஆடற மூட்டு), பின் ஆக்ஸில் மூணும் ஒரே கோட்டுல வரும்போதுதான் செயின் ரொம்ப இழுபடும். ரெண்டு பேரை உக்கார வச்சு அழுத்தி அப்பவும் கொஞ்சம் ஆட்டம் இருக்கான்னு பாருங்க. அப்போ கம்பி மாதிரி நின்னா கியர்பாக்ஸ் பேரிங்கு போயிடும், அது பெரிய செலவு. சக்கரம் நேரா நிக்குதான்னு பார்க்க, ஸ்விங் ஆர்ம்ல இருக்கற அளவுக் கோடுகளை மட்டும் நம்பாம, பிவட்லேர்ந்து ஆக்ஸில் வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளங்க.

ராயபுரம்_ரைடர்
நான் சொன்னது தப்புதான் ப்ரோ, டைட் வச்சிருந்தா இன்னும் கெட்டிருக்கும். அண்ணா, ஸ்பீடோமீட்டர் தப்பா காட்டுமா இதனால?

பழைய_பட்டறை
வேகத்தை முன்சக்கரத்துல எடுக்கற வண்டின்னா மாறாது. கியர்பாக்ஸ்ல சென்சார் இருக்கற வண்டில கூடுதலா காட்டும், ஓடோமீட்டரும் சேர்ந்து ஓடும். முன்சக்கரத்துலேர்ந்து ஒயர் போகுதான்னு பார்த்தா தெரிஞ்சுடும்.

எண்ணூர்_மணல்
சனிக்கிழமை புதுப்பேட்டைல 13/42-உம் ரெண்டு கண்ணி கூட உள்ள செயினும் வாங்கி வீட்டு வாசல்லயே மாட்டினேன். அண்ணா சொன்ன மாதிரி என் தம்பியையும் பக்கத்து வீட்டுப் பையனையும் உக்கார வச்சு அழுத்திப் பார்த்தேன், அழுத்தத்துலயும் விரல் அளவு ஆடுது. ‘டக் டக்’ சுத்தமா நின்னுடுச்சு. 80-ல 6,100. இன்னைக்குக் காலைல லாரி வரிசைல முதல் கியர்ல கிளட்சை முழுசா விட்டே பாதி தூரம் போனேன்.

ஒரே ஒரு சந்தேகம். எங்க பக்கம் கடல் காத்து, கேட்டுல பெயின்ட் கூட ரெண்டு வருஷம் நிக்காது. பழைய செயின் இவ்வளவு சீக்கிரம் போனதுக்கு உப்பு காரணமா இருக்குமா? புதுசு ஓ-ரிங் (கண்ணிக்குள்ள கிரீஸை அடைச்சு வைக்கற ரப்பர் வளையம்) உள்ளது.

பழைய_பட்டறை
உப்பும் உண்டு, மணலும் உண்டு. காட்டுப்பள்ளி போயிட்டு வந்த அன்னிக்கே நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க, பிரஷர் பம்ப் வேணாம், ஓ-ரிங் தாண்டி தண்ணி உள்ள போயிடும். பெட்ரோலும் ஊத்தாதீங்க, ரப்பர் கெட்டுடும். மண்ணெண்ணெய் துணில தொட்டுத் துடைச்சு, காய்ஞ்சதும் செயின் லூப் அடிங்க. ஓட்டிட்டு வந்த சூட்டோட ராத்திரி அடிச்சு வச்சா காலைக்குள்ள நல்லாப் படிஞ்சிருக்கும். 500 கி.மீ. ஆனதும் ஒரு தடவை லூஸ் பாருங்க, புது செயின் முதல்ல கொஞ்சம் இறங்கும்.